திறக்காத கதவும் திட்டு வாங்கிய பிள்ளையும்



சில வாரங்களாக எழுத இயலவில்லை. பயிற்றி திருத்துதல், புறப்பாட நடவடிக்கை, பெற்றோர் சந்திப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகள். இன்று பாடநூலைப் பற்றியோ கற்பித்தல் முறையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டு வாயிற்கதவைப் பற்றி எழுதப் போகிறேன். ஆசிரியைக்கும் வாயிற்கதவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். பொறுமையாகப் படியுங்கள். கதவைப் பற்றித் தொடங்கி, என்னைப் பற்றி முடிக்க நேர்ந்த கதை இது.

நாங்கள் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் வசிக்கிறோம். வீட்டுக்கு முன்னால் மகிழுந்து நிறுத்தும் இடம். அதை அடைத்து நிற்கும் இரட்டை இரும்புக் கதவு. ரிமோட்டை அழுத்தினால் இரு பக்கமும் உள்ள மோட்டார்க் கைகள் கதவுகளை உள்ளே இழுத்துத் திறக்கும். நம் ஊரில் எல்லாரும் 'ஆட்டோ கேட்' என்று சொல்வோமே, அதுதான். மழையில் நனைந்துகொண்டு இறங்கிக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. இருட்டில் தனியே இறங்கி நிற்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பொருத்தினோம். அன்று முதல் அப்படி ஒரு கருவி இருப்பதையே மறந்து போனோம். ஒழுங்காக இயங்கும் எதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை அல்லவா?

அன்று புதன்கிழமை. காலை மணி 6.30. வெளியே இன்னும் இருள் விலகவில்லை. அவ்வாரம் பள்ளியில் நான் கடமையாசிரியர். மாணவர்கள் வருமுன் நான் அங்கு நிற்க வேண்டும். என் கணவர் துறைமுகத்தில் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார். வீட்டில் அத்தை, நான், அதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் என் மகன். மகிழுந்தை முடுக்கி, ரிமோட்டை அழுத்தினேன். கதவு அசையவில்லை. மீண்டும் அழுத்தினேன். கதவு ஒரு விரற்கடை நடுங்கியது, நின்று போயிற்று. மூன்றாம் முறை அந்த நடுக்கமும் இல்லை.

எனக்குக் காரணம் உடனே 'தெரிந்துவிட்டது'. முந்தைய நாள் பிற்பகல் அந்த ரிமோட்டை என் மகன் தரையில் போட்டுவிட்டான். சாவிக்கொத்தைச் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது கை நழுவிச் சிமிந்தித் தரையில் விழுந்தது. நானே என் கண்களால் பார்த்தேன்.

"நேற்று கீழே போட்டாய் அல்லவா? பார், இப்போது கதவு திறக்கவில்லை! உன் கையில் எந்தப் பொருள்தான் உருப்படியாக இருக்கிறது?"

"அம்மா, பெட்டிக்குள்ள 'டக்'குன்னு சத்தம் கேக்குதும்மா..."

"வாயை மூடு! செய்ததையும் செய்துவிட்டு விளக்கம் வேறா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். பள்ளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான். அத்தை வாசலில் நின்று, "பிள்ளையைக் காலையிலே ஏன்மா திட்டறே?" என்றார். அதுவும் என் காதில் ஏறவில்லை.

இறங்கிப் போய்க் கதவைக் கைகளால் தள்ளினேன். இரும்புச் சுவரைத் தள்ளுவது போல் இருந்தது. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர், காலைத் தொழுகை முடிந்து திரும்பியவர், ஓடி வந்து தடுத்தார். அவரை நாங்கள் பாக்சிக் என்றுதான் அழைப்போம். "தள்ளாதே, உள்ளே பல்சக்கரம் உடைந்துவிடும். சாவி எங்கே?" என்று கேட்டார்.

எந்தச் சாவி?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இவ்வகை மோட்டார்க் கையின் உள்ளே திருகுப் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றலாம். ஆனால் கதவை வெளியிலிருந்து தள்ளி மோட்டாரைச் சுழற்ற இயலாது. திருடன் தள்ளித் திறக்க முடியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். மின்சாரம் இல்லாத வேளையில் திறப்பதற்கென்றே ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு மூடியும் அதனுள் ஒரு சாவித்துளையும் உண்டு. சாவியைத் திருப்பினால் கை மோட்டாரின் பிடியிலிருந்து விடுபடும். பிறகு ஒரு விரலாலேயே கதவைத் தள்ளலாம். பொருத்தியவர் அந்தச் சாவியைக் கொடுத்து, "பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை!

இருபது நிமிடங்கள் தேடினோம். இறுதியில் அத்தைதான் பழைய மைலோ டப்பாவிலிருந்து அதைக் கண்டெடுத்தார். அந்த இருபது நிமிடங்களில் ஒரு எண்ணம் என்னைக் குளிரச் செய்தது. எழுபது வயது அத்தைக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்திருந்தால்? அடுக்களையில் தீப்பிடித்திருந்தால்? எங்கள் வீட்டுக்கு வேறு வாயில் கிடையாது. பாதுகாப்புக்காக வைத்த கதவுக்குள் நாங்களே சிறைப்பட்டிருந்தோம்.

பாக்சிக் இரு கைகளையும் விடுவித்துக் கொடுத்தார். மகிழுந்தை வெளியே எடுத்தபின் அவரே கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அத்தையிடம் தந்தார். நான் பள்ளியை அடைந்தபோது மணி 7.40. சபைகூடல் தொடங்கியிருந்தது. வழி நெடுக என் மகன் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஓய்வு நேரத்தில் கணவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. "என் ரிமோட்டுக்கும் திறக்கவில்லை. அம்மா சாவி கொடுத்தார். தூங்கப் போகிறேன்."

அதை வாசித்தபோது என் மேசைமீது திருத்த வேண்டிய ஐந்தாம் ஆண்டு அறிவியல் பயிற்றிகள் இருந்தன. பாடம் மின்சாரம். ஒரு சுற்றின் படம். மின்குமிழ் எரியவில்லை. உற்றறிந்ததை எழுதுக, ஊகத்தை எழுதுக. ஆசிரியர்களுக்கு நன்கு பழகிய வினாதான். ஒரு மாணவி இரண்டு இடங்களிலும் 'மின்கலம் பலவீனமாகிவிட்டது' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையினால், 'கண்ணால் கண்டதை முதலில் எழுது. காரணத்தைப் பிறகு சொல்' என்று குறித்திருந்தேன்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

காலையில் நான் உற்றறிந்தது என்ன? கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான். மற்ற எல்லாம் ஊகம். என் மகன் உற்றறிந்தது என்ன? பெட்டிக்குள் 'டக்' என்ற சத்தம். இருவருள் உற்றறிந்தவன் அவன். வாயை மூடு என்று சொன்னவள் அறிவியல் ஆசிரியை! கணவரின் ரிமோட் கீழே விழவில்லை. அதற்கும் கதவு திறக்கவில்லை. கதவு அதே கதவு, மாறியது ரிமோட் மட்டும், விளைவு மாறவில்லை. மாறிகளைப் பற்றி வகுப்பில் நாம் நடத்துவது இதைத்தானே? அப்படியானால் ரிமோட் காரணமாக இருக்க இயலாது.

அன்று மாலை வீடு திரும்பியதும் மகனை அழைத்தேன். "தம்பி, அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்" என்றேன். முதலில் அவன் தயங்கினான். பிறகு என்னைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அருகே அழைத்துச் சென்று, "இப்ப அமுக்குங்கம்மா" என்றான். அழுத்தினேன். காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய 'டக்'.

அந்தச் சத்தம் ரிலே என்னும் சிறு மின்விசையின் சத்தம். ரிமோட்டின் சமிக்ஞை பெட்டியை அடைந்தது, பெட்டியும் அதைப் புரிந்துகொண்டு மோட்டாருக்கு ஆணையிட்டது என்பதே அதன் பொருள். ரிமோட் பழுதாகியிருந்தால் அந்தச் சத்தம் பிறந்திருக்காது. காலையில் நான் அடக்கிய அந்த ஒரு வாக்கியத்திலேயே அவன் குற்றமற்றவன் என்பதற்கான சான்று இருந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். ஒரு பக்கம் உற்றறிதல், மறுபக்கம் ஊகம். உற்றறிதலின் கீழ் அவனே எழுதினான். ஒன்று, சத்தம் வருகிறது. இரண்டு, இரண்டு ரிமோட்டுக்கும் ஒரே நிலை. மூன்று, வீட்டில் விளக்கும் விசிறியும் இயங்குகின்றன. நான்கு, பெட்டியிலுள்ள சிறு விளக்கு மங்கலாக எரிகிறது. ஐந்தாவதை எழுதுமுன் என்னை ஒரு முறை பார்த்தான். "திங்கட்கிழமையே கேட் மெதுவாத்தான் போச்சு. நான் ஒங்ககிட்ட சொன்னேனே, ஞாபகம் இல்லையா?"

சொல்லியிருக்கிறான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டியிருக்கிறேன்.

ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஊகம் தானாகவே வந்தது. ஆணை போகிறது, கதவைத் தள்ளும் வலு இல்லை. அதாவது மின்சாரம் போதவில்லை. பெட்டியிலிருந்து வெளிவரும் கம்பியைப் பின்தொடர்ந்தோம். அது சுவரோரமாகச் சென்று காலணி அடுக்கின் பின்னால் மறைந்தது. அடுக்கை நகர்த்தினோம். பிளக் தரையில் கிடந்தது. சுவரில் செருகப்படவே இல்லை. பிளக்கின் மேல், வெடித்துப்போன ஊதா நிறப் பலூன் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பலூனைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முந்தைய சனிக்கிழமை அத்தையின் எழுபதாவது பிறந்தநாள். வாசலில் கூடாரம் போட்டு உறவினர்களுக்கு விருந்து வைத்தோம். வண்ண விளக்குச் சரத்திற்கு மின் இணைப்புத் தேவைப்பட்டது. அங்கே இருந்தது ஒரே ஓர் இணைப்பு. கதவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளக்குச் சரத்தைச் செருகியவள் நான். கதவுதான் திறந்தே கிடக்கிறதே, விருந்து முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தவளும் நான். இரவு மணி பதினொன்றுக்குச் சரத்தைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, காலணி அடுக்கை இழுத்து வைத்துவிட்டு உறங்கப் போனவளும் நானே.

அப்படியானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள்களும் கதவு எப்படித் திறந்தது? இங்கேதான் நான் கற்ற பாடம் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு மாற்று மின்கலம் இருக்கிறது. வீட்டு மின்சாரம் இருக்கும்போது மின்மாற்றி வழியாக அது மின்னேற்றம் பெறும். மின்சாரம் தடைபட்டால் அதுவே கதவை இயக்கும். நாங்கள் அறியாமலேயே அந்த மூன்று நாள்களும் அது தனியாகச் சுமந்திருக்கிறது. நான்கு ஆண்டு வயதான மின்கலம். திங்களன்று தளர்ந்தது; செவ்வாயன்று மேலும் தளர்ந்தது; புதன் காலை ரிலேயைத் தட்டும் அளவுக்கு மட்டும் வலு மிஞ்சியிருந்தது. மோட்டாரைச் சுழற்றப் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

தவறு நடந்தது சனிக்கிழமை. விளைவு தெரிந்தது புதன்கிழமை. இடையில் மின்கலம் அந்தத் தவற்றை மறைத்து வைத்தது. அதனால் புதன்கிழமைக்கு மிக அருகில் நடந்த செயல் எதுவோ, அதைச் செய்தவனே என் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிந்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! என் வீட்டுக் காக்கையை மட்டும் நான் அடையாளம் காணவில்லை.

பிளக்கைச் செருகினோம். மின்கலம் சற்று மின்னேறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து, ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். அழுத்தினான். கதவு முனகிக்கொண்டே மெதுவாகத் திறந்தது.

"தம்பி, தப்பு அம்மா மேலதான். உன்னைத் திட்டினது தப்பு. நீ சொல்ல வந்ததைக் கேக்காம வாயை மூடுன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடு" என்றேன்.

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரவால்லம்மா" என்றான். சற்று நேரம் கழித்து, "எனக்கும் நான்தான் ஒடைச்சிட்டேனோன்னு பயமாத்தான் இருந்திச்சு. ஸ்கூல்ல நாள் பூரா அதையே நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றான்.

அந்தச் சொல்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. செய்யாத தவற்றைச் செய்துவிட்டோமோ என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளை நாள் முழுவதும் தன்னையே விசாரித்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கிறான். நாம் அதிகாரத்துடன் சொல்லும்போது, உண்மையல்லாததையும் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, இதை எழுதும்போது பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். நான்காம் ஆண்டு. ஒழுங்காக எழுதிவந்த பிள்ளை. வகுப்பில் இடம் மாற்றி அமர்த்திய இரண்டு வாரங்களில் அவள் எழுத்துப் பணி சரிந்தது. பாதி வாக்கியம், தவறான எண்கள். புதிய தோழியுடன் பேசிப் பேசிக் கெட்டுப்போனாள் என்று நான் முடிவு செய்தேன். தாயாரை அழைத்து அப்படியே சொல்லவும் செய்தேன். ஒரு நாள் தற்செயலாக, கரும்பலகையில் உள்ளதை அவள் இடத்திலிருந்தே வாசிக்கச் சொன்னேன். அவளால் வாசிக்க இயலவில்லை. பார்வைக் குறை அவளுக்கு நெடுநாளாகவே இருந்திருக்கிறது. முன்பு பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவியின் ஏட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிச் சமாளித்திருக்கிறாள். அந்த ஏடுதான் அவளுடைய மாற்று மின்கலம். இடம் மாறியதும் அது போயிற்று. மூக்குக் கண்ணாடி வந்த பிறகு பழைய எழுத்தும் வந்தது. ஆனால் அவளுடைய தாயாரிடம் நான் சொன்ன சொற்களைத் திரும்பப் பெற எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நோய் எது, அதன் மூலம் எது என்று அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அதை மனனம் செய்ய வைத்து மதிப்பெண் போடும் நாம், வீட்டில் நேராக மருந்துக்குப் போய்விடுகிறோம். அதுவும் கசப்பு மருந்து!

சரி, கதவுக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கதவும் ஒரு நாள் திறக்காமல் போகலாம். அன்று பயன்படுமே என்று, பொருத்துநரிடமும் பாக்சிக்கிடமும் கேட்டறிந்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் ரிமோட்டை அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்டியில் சத்தம் வந்தால் ரிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம். மின்சாரம், மின்கலம், மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் இன்னொரு ரிமோட்டையோ சுவரிலுள்ள பொத்தானையோ அழுத்திப் பாருங்கள். அதற்குத் திறந்தால் முதல் ரிமோட்டின் மின்கலத்தை மாற்றினாலே போதும்.

அடுத்து மின்சாரம். பிளக் செருகியுள்ளதா, விசை போடப்பட்டுள்ளதா, பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் எரிந்துள்ளதா, வீட்டு மின்பெட்டியில் ஏதேனும் விசை கீழே விழுந்துள்ளதா என்று பாருங்கள். நம் நாட்டில் இடிமின்னலுக்குப் பஞ்சமே இல்லை. மழை இரவுக்கு மறுநாள் கதவு நின்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கதவின் வழி. கீலில் துரு, தண்டவாளக் கதவாக இருந்தால் பள்ளத்தில் கல், உணரியின் கண்ணாடியில் சிலந்தி வலை. இவையும் கதவை நிறுத்தும். கதவு திறக்கும்; ஆனால் மூட மறுக்கும் என்றால் பெரும்பாலும் அந்த உணரிதான்.

இவற்றுக்குப் பிறகும் இயங்கவில்லை என்றால் பொருத்துநரை அழையுங்கள். பெட்டியை நீங்களே திறந்து கை வைக்க வேண்டா. அதனுள் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. கட்டுப்பாட்டுப் பலகையில் பல்லி புகுந்து கருகிக் கிடப்பதும் எறும்பு கூடு கட்டியிருப்பதும் உண்டாம். அது அவர்கள் பார்க்க வேண்டிய வேலை. எங்கள் மின்கலமும் முற்றிலும் வற்றிப்போனதால் மீளவில்லை. மறுவாரம் புதியது மாற்றினோம். கதவு மெதுவாகப் போகத் தொடங்கினால் அது மின்கலத்தின் முறையீடு என்று பொருத்துநர் சொன்னார். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விடுவிப்புச் சாவி. அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வயதானவர்களும் பிள்ளைகளும் அதைத் திருப்பப் பழகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அது வாசற்கதவின் உட்புறம் ஆணியில் தொங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்சிக் முன்னிலையில் அத்தை தாமே இரு கைகளையும் விடுவித்துக் கதவைத் தள்ளிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினோம்.

நானும் மகனும் கோடு போட்டு எழுதிய அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் சலவை இயந்திரம் நின்றபோது நான், "யார் இதில்..." என்று தொடங்கினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளை விரலால் காட்டினான். நான் வாக்கியத்தை முடிக்காமல், சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பார்த்தேன்.

இன்றிரவு உங்கள் வீட்டுச் சாவி எந்த டப்பாவில் இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். தேடும்போது பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும்.